காயிலின் டைம் கான்ஸ்டன்ட்: எந்த ரெசிஸ்டன்ஸால் வகுப்பது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் டிசி சப்ளையிலிருந்து ஸ்விட்ச், 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சாலினாய்டு காயிலுக்குக் கரண்ட் போகிறது; கரண்ட் வந்ததும் அது பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். காயிலுக்குக் குறுக்கே 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. காயிலின் இண்டக்டன்ஸ் 150 மில்லி ஹென்றி, மல்டிமீட்டரில் அதன் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம். கரண்ட் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் காட்டும் டைம் கான்ஸ்டன்ட் 6 மில்லி செகண்ட் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். 1.2 தான் என்கிறான் பாலிடெக்னிக் படிக்கும் மகன். எது சரி?

பதில்: உங்கள் சர்க்யூட்டுக்கு இரண்டுமே பொருந்தாது. இண்டக்டன்ஸை ரெசிஸ்டன்ஸால் வகுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. எந்த ரெசிஸ்டன்ஸ் என்பதில்தான் சிக்கல். எலக்ட்ரீஷியன் காயிலின் 25 ஓமை மட்டும் எடுத்திருக்கிறார். மகன் அதோடு 100-ஐக் கூட்டியிருக்கிறார். குறுக்கே இருக்கும் 300 ஓமை இருவருமே விட்டுவிட்டார்கள்.

காயிலின் இரண்டு முனைகளில் நின்று வெளியே பாருங்கள். சப்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வயரைப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 100-ம் 300-ம் பேரலலாகத் தெரியும்: 75 ஓம். காயிலின் 25-ஐச் சேர்த்தால் 100 ஓம். 0.15-ஐ 100-ஆல் வகுத்தால் 1.5 மில்லி செகண்ட். ஸ்விட்ச் போட்டதும் இவ்வளவு நேரத்தில் கரண்ட் தன் முழு அளவில் 63 சதவீதத்தை எட்டும். முழு அளவு 90 மில்லி ஆம்பியர். ஐந்து மடங்கு நேரம், அதாவது 7.5 மில்லி செகண்ட் ஆனால், 99 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இது ஆன் கணக்கு மட்டும்தான். ஆஃப் செய்ததும் சர்க்யூட்டே வேறு. ஸ்விட்ச் திறந்த பிறகு 100 ஓமில் கரண்ட் இல்லை, காயிலின் கரண்ட் 300 வழியாக மட்டுமே சுற்றும். மொத்தம் 325 ஓம், டைம் கான்ஸ்டன்ட் 0.46 மில்லி செகண்ட். இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். காயிலில் ஓடும் 90 மில்லி ஆம்பியர் சட்டென்று நிற்காது, அப்படியே 300 ஓமில் பாயும். அங்கே 27 வோல்ட் தலைகீழாக எழும். சப்ளையின் 12-ஐயும் சேர்த்தால் திறந்த ஸ்விட்ச் மேல் 39 வோல்ட் விழும்.

300 ஓமுக்குப் பதில் ஒரு 4007 டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் இந்த வோல்டேஜ் எழாது. ஆனால் கரண்ட் வடிய 8, 9 மில்லி செகண்ட் ஆகும், பிளஞ்சர் தாமதமாகத்தான் விடும். எலக்ட்ரீஷியன் சொன்ன 6 மில்லி செகண்ட் இந்த இடத்துக்குத்தான் உரியது. மகனின் 1.2, குறுக்கே எதுவுமே இல்லாத காயிலை ஆன் செய்யும்போது சரி.

அடுத்து, அந்த 150 மில்லி ஹென்றியை அப்படியே நம்பிவிடாதீர்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கும் சாலினாய்டில் பெரும்பாலும் வோல்டேஜ்தான் எழுதியிருக்கும். அதோடு, பிளஞ்சர் உள்ளே போகப் போக காற்று இடைவெளி குறைந்து இண்டக்டன்ஸ் ஏறும். அதனால் ஆன் கணக்குக்குப் பிளஞ்சர் வெளியே இருக்கும்போது அளந்த மதிப்பையும், ஆஃப் கணக்குக்கு உள்ளே இருக்கும்போது அளந்த மதிப்பையும் எடுங்கள்.

என்னைக் கேட்டால் நேராக அளப்பதே நல்லது. மகனின் கல்லூரி லேபில் ஆசிலோஸ்கோப் இருக்கும். காயிலோடு தொடராக, கிரவுண்ட் பக்கத்தில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதன் குறுக்கே பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் கோடு ஏறி 90 மில்லி வோல்ட் அருகே நிற்கும். அது 57-ஐ, அதாவது 90-இல் 63 சதவீதத்தை, தொட எடுக்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டிய விடை. அளக்கும்போது பிளஞ்சரை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் அது உள்ளே பாயும் நேரத்தில் கோடு ஒரு பள்ளம் விழுந்து ஏறும், கணக்கு குழம்பிவிடும்.

உங்கள் மெஷினில் பிளஞ்சர் அடுத்தடுத்து வேகமாக அடிக்க வேண்டுமென்றால் 300 ஓமையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போடுவதாக இருந்தால் மட்டும் 60 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.