பட்ஜெட்டில் எந்தக் கணக்கைப் பார்க்கணும்? கேள்வி பதில்

தோவாளை முதல் கொல்லங்கோடு வரை பலர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

குழித்துறை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டின் செலவே 197 கோடிதானாம். 2025-26-ல் 50 லட்சம் கோடி. இது வளர்ச்சியா, ஊதாரித்தனமா?

தம்பி, கோடியைக் கோடியோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அன்றைய நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நவம்பர் 26-ல் தாக்கல் செய்தது ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். வரவு 171 கோடி. அன்றைக்கே துண்டு விழுந்தது. செலவில் ஏறக்குறைய பாதி, 92 கோடிக்கு மேல், ராணுவத்துக்குப் போனது. அப்புறம் விலைவாசி ஏறியது, ஜனத்தொகை பெருகியது, நாட்டின் வருமானமும் கூடியது. அதனால் ஜிடிபியில், அதாவது நாட்டில் ஒரு வருஷத்தில் நடக்கும் மொத்த உற்பத்தியின் மதிப்பில், எத்தனை சதவீதம் என்றுதான் கேட்க வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசின் 50.65 லட்சம் கோடி செலவு, ஜிடிபியில் சுமார் 14 சதவீதம்.

தக்கலை, ஆசிரியை: வருஷா வருஷம் கடன் வாங்குகிறார்களே, என்றைக்காவது அடைத்து முடியுமா?

முடியாது டீச்சர், முடிக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதுப் பத்திரம் விற்று அடைப்பார்கள். அதை வாங்குவது பெரும்பாலும் நம் நாட்டு வங்கிகளும் எல்.ஐ.சி.யும் பி.எஃப். நிதியும்தான். வட்டி வீதத்தைவிடப் பொருளாதாரம் வேகமாக வளரும்வரை தாங்கும்.

எனக்குக் கவலை வட்டிதான். 2025-26-ல் மத்திய அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். போகும் ரூபாயில் 20 காசு வட்டி. ராணுவத்துக்கு 8 காசுதான். வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. சாலை, ரயில்பாதை மாதிரி நிலைத்து நிற்கும் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி. வட்டி அதையும் தாண்டிவிட்டது.

குளச்சல், மீன்பிடித் தொழிலாளி: அப்போ எந்தச் செலவுக்குக் கடன் வாங்கலாம்?

முக்கியமான கேள்வி இதுதான். கருவூலத்துக்கு வரும் ஒவ்வொரு பில்லிலும் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்பு இருக்கும். 2, 3-ல் தொடங்கினால் வருவாய்ச் செலவு, அதாவது சம்பளம், வட்டி மாதிரி அன்றாடச் செலவு. 4, 5 என்றால் மூலதனம். சாலையில் குழி அடைத்தால் 3054, புதுப் பாலம் கட்டினால் 5054. உங்கள் ஊரில் தூண்டில் வளைவு புதிதாகப் போட்டால் அது 4711, கடலரிப்புத் தடுப்பு. வட்டி 2049, பென்ஷன் 2071. பில்லின் முதல் எண்ணைப் பார்த்தாலே அந்தப் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அதற்காக 2-ல் தொடங்குவதெல்லாம் வீண் செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆசிரியர் சம்பளமும் அதில்தான் வரும், ஒகி புயல் மாதிரி பேரிடருக்கு நிவாரணம் கொடுக்கும் 2245-உம் அதில்தான் வரும். ஆனால் அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவே போதணும். 2025-26-ல் மத்திய அரசு வாங்கத் திட்டமிட்ட 15.69 லட்சம் கோடி கடனில் 5.24 லட்சம் கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது அன்றாடச் செலவுக்கு வரவு போதாமல் விழும் துண்டை, அடைக்கவே போகிறது. அதை நம் பிள்ளைகள் வட்டியோடு கட்டுவார்கள், கையில் பாலமும் இருக்காது, துறைமுகமும் இருக்காது.

மார்த்தாண்டம், வியாபாரி: 1991 மாதிரி தங்கத்தை அடகு வைக்கும் நிலை திரும்ப வருமா?

எண்பதுகளில் ஏறிய பற்றாக்குறையோடு வளைகுடாப் போரும் சேர்ந்தது. எண்ணெய் விலை ஏறியது, குவைத்திலிருந்து ஆட்கள் திரும்பினார்கள், டாலர் தீர்ந்தது. சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தோம். இன்றைக்கு மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. டாலர் கையிருப்பும் கூடியிருக்கிறது. அதனால் அதே மாதிரி நெருக்கடி வருவது கடினம். மொத்தப் பற்றாக்குறையை, அதாவது ஒரு வருஷத்துக்குக் கடன் வாங்க வேண்டிய தொகையை, ஜிடிபியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவர 2003-ல் சட்டமே போட்டார்கள். கொரோனா ஆண்டில் அது 9.2-க்குப் போனது, 2025-26-க்கு 4.4 என்று திட்டமிட்டார்கள். இறங்கியிருக்கிறது, ஆனாலும் இலக்குக்கு மேலேதான் நிற்கிறது.

குலசேகரம், ரப்பர் விவசாயி: நாம் கட்டும் வரியில் மாநிலத்துக்கு எவ்வளவு வருது?

மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் நிதிக்குழுவில் 15-வது குழுவின் கணக்குப்படி, 2025-26 வரை பகிரத்தக்க மத்திய வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். 'பகிரத்தக்க' என்பதைக் கவனியுங்கள். வரிக்கு மேல் கூடுதலாக வாங்கும் செஸ்ஸும் சர்சார்ஜும் அதில் சேராது. 2025-ல் பெட்ரோல் லிட்டருக்கு மத்திய அரசு வாங்கிய வரியில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். மீதி முழுக்க டெல்லிக்கே. இது நியாயமில்லை என்பது என் திடமான கருத்து. சதவீதத்தை உயர்த்துவதைவிட, செஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு கேட்பதுதான் மாநிலங்கள் முதலில் செய்ய வேண்டியது.