ஓக் மரம்: எந்த வகை, வெடிக்காமல் உலர்த்துவது எப்படி?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் விழுந்த ஓக் மரத்தை அறுத்திருக்கிறீர்கள். அது வெள்ளை ஓக்கா சிவப்பு ஓக்கா, பலகை வெடிக்காமல் உலர்த்துவது எப்படி என்பது கேள்வி. வகையை முதலில் பாருங்கள், உலர்த்தும் வேகம் அதைப் பொறுத்தது.

இலை கிடைத்தால் சுலபம்: விளிம்பில் விரல்போல் நீளும் மடல்களின் நுனி உருண்டையாக இருந்தால் வெள்ளை, முள்போல் நீண்டிருந்தால் சிவப்பு. இலை இல்லையா? வைரப் பகுதியில் (மரத்தின் நடுவிலுள்ள கருத்த பகுதி) இழையோட்டத்தோடு விரல் நீளக் குச்சி ஒன்றைச் சீவி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள். சிவப்பு என்றால் குமிழி வரும். வெள்ளை ஓக்கின் துளைகளை மரமே அடைத்து வைத்திருக்கும், காற்று போகாது. விஸ்கி பீப்பாய்க்கு அது உகந்ததும் அதனால்தான்.

அந்த அடைப்பால் ஈரமும் மெதுவாகத்தான் வெளியேறும். 1 அங்குலப் பச்சைப் பலகை ஒரு நாளில் இழக்கும் ஈரம் சிவப்பு ஓக்கில் 3.8 சதவீதத்தையும் வெள்ளையில் 2.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. 2 அங்குலம் என்றால் அதில் பாதிகூட இல்லை. தயவுசெய்து வெயிலில் மட்டும் போடாதீர்கள். மேல்பரப்பு சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், மயிரிழை வெடிப்பு விழும். பிறகு அது மூடிக்கொண்டதுபோல் தெரியும், வார்னிஷ் அடித்ததும் கோடாகத் தெரியும்.

அறுத்த அன்றே முனைகளில் மெழுகு பூசுங்கள். அப்புறம் நிழலில், பலகைகளுக்கு இடையே முக்கால் அங்குலக் காய்ந்த ரீப்பர்களை (மெல்லிய மரச் சட்டங்களை) அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்குங்கள். ஈர ஓக்கில் இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். திறந்த வெளியில் பெரும்பாலும் அவ்வளவு இறங்காது, கடைசியில் மரம் உலர்த்தும் சூளையில் வைத்து எடுங்கள்.