அரை நாள் வெளியே போனால் வேலை ஏன் நிற்கிறது?

கேள்வி: 11 பேர் வேலை பார்க்கும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். நான் அரை நாள் வெளியே போனாலும் வேலை நின்றுவிடுகிறது. ஓராண்டில் மூன்று நல்ல ஆட்கள் விலகிவிட்டார்கள். எனக்குத் தலைமைப் பண்பு போதாது என்கிறார் ஓர் ஆலோசகர். எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு, எனக்கு 6 மாதப் பயிற்சி, பிறகு அவரே ஒரு மேலாளரைப் பார்த்துத் தருவது என மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அரை நாளைப் பார்ப்போம்.

நீங்கள் இல்லாத நேரத்தில் மெஷின் கெட்டுப்போனதாகவோ தாள் தீர்ந்துபோனதாகவோ நீங்கள் எழுதவில்லை. வேலை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அது ஏன் நின்றது? உங்கள் வாயிலிருந்து ‘சரி’ வரட்டும் என்று யாரோ காத்திருந்திருக்கிறார்கள். எதை யார் முடிவு செய்யலாம் என்று நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் குறை இதுதான். இதற்குப் பண்பு, ஆளுமை என்று பெரிய பெயர் வைத்தால்தான் பயிற்சி விற்க முடியும்.

இரண்டு பேர் இருந்தபோது எல்லாம் உங்களைக் கேட்டு நடந்ததில் தப்பில்லை. ஆட்கள் சேரச் சேர அது தாங்காது. கிரைகுனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 1933-இல் இதற்கு ஒரு கணக்கே போட்டார். நேரடியாகக் கீழே இருப்பவர்களோடு தனித்தனியாகவும் கூட்டாகவும், அவர்களுக்குள்ளேயும், எத்தனை உறவுகளை ஒரு மேலதிகாரி கவனிக்க வேண்டிவரும் என்பதுதான் கணக்கு. 5 பேருக்கு 100. ஆறாவது ஆள் வந்ததும் 222. உங்கள் 11 பேருக்கு 11,374! இது காகிதக் கணக்குதான், இத்தனையும் தினமும் நடக்காது. ஆனாலும் உங்களுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது புரியும்.

இதை வளர்ப்பது ஒரே ஒரு வாக்கியம்: “வை, நான் பார்த்துக்கிறேன்.” கேட்டவருக்கு நிம்மதி, உங்களுக்கும் கொஞ்சம் பெருமை. அந்த வேலை உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்து அங்கேயே கிடக்கும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் பெயரையும் எழுதுங்கள். பதில் எப்போதும்போல் சொல்லுங்கள், எழுத மட்டும் மறக்காதீர்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவது தெரியும். ‘கேட்ட தாள் இல்லை, அதே எடையில் வேறு தாள் போடலாமா?’ ‘அவசர வேலைக்காக வரிசையை மாற்றலாமா?’ ‘வாடிக்கையாளர் சம்மதித்த புரூஃபில் பிழை தெரிகிறது, மெஷினை நிறுத்தட்டுமா?’ இவை ஒவ்வொன்றையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். எந்த அளவு வரை கேட்காமல் செய்யலாம் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். அவர் ஒரு முடிவு எடுப்பார், நீங்களாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்கள். பெரிய நஷ்டம் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் அதை ஒருமுறை மாற்றிவிட்டால் போதும், மறுநாளே எல்லோரும் உங்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். விலகிய மூவரையும் போனில் கூப்பிட்டு, எதனால் போனார்கள் என்று கேளுங்கள். சம்பளம் என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிடுங்கள்.

பணத்துக்கு மட்டும் விதிவிலக்கு. இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ‘பொறுப்பைக் கொடு’ என்றதும் பலர் கணக்கு எழுதுகிறவரிடமே பணம் அனுப்பும் அதிகாரத்தையும், வங்கிக் கடவுச்சொல்லையும், தாள் வாங்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பொருள் வாங்குகிறவர் ஒருவர், வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்பவர் இன்னொருவர், பணம் அனுப்புகிறவர் மூன்றாமவர் என்று இருக்க வேண்டும். சின்ன இடத்தில் அத்தனை பேர் கிடையாது. அப்படியானால் வங்கிக் கணக்கு அறிக்கையை மாதம் ஒருமுறை நீங்களே, கணக்கர் கைக்குப் போகும் முன், வரிவரியாகப் படியுங்கள். தெரியாத பெயருக்குப் பணம் போயிருந்தால் பில்லைக் கேளுங்கள். கணக்கரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து சில நாள் விடுப்பில் அனுப்பி, அந்த வேலையை வேறொருவரைச் செய்ய வையுங்கள்; ஏதாவது மறைத்து வைத்திருந்தால் அப்போது வெளியே வரும். லீவே எடுக்காத கணக்கரைத் தங்கமான ஆள் என்று மெச்சாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் செய்யுங்கள், அவர்மேல் வீண் சந்தேகம் வராமல் இருக்கவும் இதுதான் வழி.

இனி ஆலோசகர். ஆளுமைத் தேர்வு என்று இவர்கள் பெரும்பாலும் நீட்டுவது மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு, அல்லது அதன் நகல். ஆளெடுக்க அதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று அந்தத் தேர்வுக்குப் பொறுப்பானவர்களே சொல்கிறார்கள். உங்கள் பைண்டர் எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

குறையைக் கண்டுபிடித்தவரே மருந்தையும் ஆளையும் விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மேலாளரை அமர்த்திக் கமிஷன் வாங்கிக்கொண்டு, சில மாதத்தில் அதே ஆளை வேறு இடத்துக்கு நகர்த்தி அங்கேயும் கமிஷன் வாங்கும் தரகர்கள் உண்டு. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. குறிப்பிட்ட மாதங்களுக்குள் மேலாளர் விலகினால் பணம் திரும்ப வேண்டும், தரகர் அவரை இழுக்கக் கூடாது என்று எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். அந்த நோட்டு நிறைவதற்குள் மேலாளர் வந்தால் அவரும் உங்கள் ‘சரி’க்காகத்தான் காத்திருப்பார்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. தொழில் பயிற்சி வகுப்புகளில் திட்ட அறிக்கையும் தொலைநோக்கு வாசகமும் எழுதச் சொல்லித் தருகிறார்கள். கடன் கொடுப்பவர் பக்கம் பக்கமாக உங்கள் கையெழுத்தை வாங்குகிறார். நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் நடத்துவார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பிரிவைத் தேடிப் படித்து, பணத்தைத் திரும்பத் தரும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள்.