சடங்கும் சம்பிரதாயமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் பேரனுக்கு ஏழாம் மாதத்திலேயே கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டன. மகள் குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் ஊருக்கு வருகிறது. பல்லுக்கொழுக்கட்டையை அதுவரை தள்ளிவைக்கலாமா? பதினாறு சம்ஸ்காரங்களில் (நூல்கள் விதிக்கும் வாழ்க்கைச் சடங்குகளில்) இது எதனுள் அடங்கும்?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: தாராளமாகத் தள்ளிவைக்கலாம். கருத்தரிப்புக்கான கர்ப்பாதானம் முதல் இறப்புக்குப் பிந்திய கிரியையான அந்தியேட்டி வரை எங்கு தேடினாலும் பல்லுக்கொழுக்கட்டை அகப்படாது. பதினாறு என்ற கணக்கும் நூலுக்கு நூல் வேறுபடும். கௌதம தர்மசூத்திரம் 40 என்கிறது. இந்தப் பருவத்தை ஒட்டி நூல்கள் விதிப்பவற்றுள் முக்கியமானது ஆறாம் மாதத்துச் சோறூட்டலாகிய அன்னப்பிராசனம். பல்லுக்கொழுக்கட்டையோ ஐயரும் ஓமமும் வேண்டாத, வீட்டுப் பெண்கள் முன்னின்று நடத்தும் சடங்காதலால், நாள் தவறியது தோஷமாகுமோ என்ற கவலைக்கே இடமில்லை.

பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, விளிம்பில் தேங்காயைப் பல் போலச் சீவிப் பதித்து அவித்த கொழுக்கட்டைகளை நன்றாக ஆறவிட்டு, பிள்ளையை இருத்தித் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டுங்கள். முன்னால் பரப்பும் ஏடு, பேனை, நகை முதலியவற்றுள் பிள்ளை எதைத் தொடுகிறதோ அதைக் கொண்டு அதன் எதிர்காலத்தைச் சொல்வது வழக்கம். சில வீடுகளில் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிப் பரப்புகிறார்கள். அது பெற்றோரின் தெரிவேயன்றிப் பிள்ளையின் தெரிவன்று.

கேள்வி: மாமனார் காலமாகி இரண்டு வாரங்களே ஆகின்றன. இந்நிலையில் என் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் (பூப்படைந்துவிட்டாள்). துடக்கு (தீட்டு) வீட்டில் தண்ணீர் வார்க்கலாமா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: முதல் தண்ணீர் வார்ப்பை ஒத்திப்போட வேண்டியதில்லை. மரணத்துடக்கு உங்கள் கணவர் வழியினருக்கே உரியது. பிள்ளையின் தாய்மாமன் வேறு வழியினராதலால் அவருக்கு இத்துடக்கு இல்லை. ஆகவே அவர் பாலறுகு (பாலும் அறுகம்புல்லும்) வைக்க, மாமி தண்ணீர் வார்க்க, ஆரவாரமின்றி அதை முடித்துவிடலாம். நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி என்று கொடுக்கும் பத்திய உணவை எக்காரணம் கொண்டும் தாமதிக்க வேண்டாம். அது உடம்புக்கானது, துடக்குப் பார்த்து நிறுத்துவதற்கில்லை.

ஆராத்தியும் அழைப்பும் கூடிய சாமத்தியச் சடங்கை மட்டும், 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறித் துடக்குக் கழிந்த பின்னர் நாள் பார்த்துச் செய்யுங்கள். ஆட்டத்திவசம் (ஓராண்டு நிறைவுத் திவசம்) வரை பொறுக்கும் குடும்பங்களும் உண்டு; அது துக்கத்தின் அளவைப் பொறுத்ததேயன்றிக் கட்டாயமன்று. மண்டபமும் படப்பிடிப்பும் வேண்டுமா என்பதைப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வகுப்புத் தோழர்கள் முன்னிலையில் மேடையேறக் கூசும் பிள்ளைகள் பலர்.

கேள்வி: பேத்திக்குக் காய்ச்சல் வந்ததால் விஜயதசமியன்று ஏடு தொடக்க (முதலெழுத்து எழுதுவிக்க) முடியவில்லை. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டுமா?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். தைப்பூசமும் ஏடு தொடக்க உகந்த நாளே. அன்று கோயில்களில் கூட்டம் மிகுதி என்பதால், குருக்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துவிட்டு, பச்சையரிசி பரப்பிய தட்டத்துடன் காலையிலேயே சென்றுவிடுங்கள்.