கோழி இறகு கொட்டுது, சீக்கா?

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுப் பின்கட்டுல ஆறு நாட்டுக்கோழி நிக்கிது, ஐப்பசி பொறந்ததுல இருந்து கொத்துக்கொத்தா இறகு கொட்டுது, முட்டையும் நின்னுபோச்சு. சீக்கா இருக்குமோ?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பயப்படாதீங்க ஆச்சி, வருசத்துக்கு ஒருதடவை பகல் குறையுறப்போ பழைய இறகை உதுத்துட்டு புதுசு போடும், தலை கழுத்துல ஆரம்பிச்சு கடைசியா வால் வரைக்கும், முடிய 8லேர்ந்து 12 வாரம்கூட ஆகும். இறகுல 85 சதவீதத்துக்கு மேல புரோட்டீன்தான், அதான் சத்தெல்லாம் அங்க போயி முட்டை நிக்கிது. வெறும் அரிசி நொய்யி மட்டும் போட்டா பத்தாது, கம்போட கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, கரையான், மீன் கழிவை வேகவச்சு குடுங்க. உப்புக் கருவாடு வேணாம். இந்த அடைமழையில புண்ணாக்கு சீக்கிரம் பூசணம் பிடிச்சிரும், அதைமட்டும் போட்டுறாதீங்க, கோழிக்கு வெசம், ஈரலே கெட்டுப்போகும்.

புதுசா முளைக்கிற இறகு முள்ளு மாதிரி இருக்கும், உள்ள ரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும், அதனால பிள்ளைகளைத் தூக்க விடாதீங்க பாவம். ராத்திரி நனையாம அடைங்க. இறக்கைக்கு அடியில, ஆசனவாய்கிட்ட பேன் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா இறகு கொட்டுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். இரை எடுக்காம குறுகி உக்காந்து பச்சையா வெள்ளையா கழிஞ்சா மட்டும் அது வேற, உடனே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டுபோங்க.