காசு கொடுத்தவனுக்கே பூட்டு

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் ஒரு கணினி விளையாட்டு வாங்கினேன். தனியாள் விளையாட்டுத்தான், ஆனாலும் இணையம் இருந்தால்தான் திறக்கும். போன கிழமை இரண்டு நாள் லைன் இல்லை. கிராக் கொப்பி, அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் கொப்பி, வைத்திருக்கும் நண்பன் இரண்டு நாளும் விளையாடினான். நான் ஏமாளியா? நிறுவனங்களும் திருட்டைத் தடுக்கத்தானே வேண்டும்?

- வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

நீர் ஏமாளி இல்லை. உழைத்தவர்களுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்.

நிறுவனங்களின் பயத்தையும் நான் மறுக்கவில்லை. டெனுவோ போன்ற, திருட்டுக் கொப்பியைத் தடுக்கும் மென்பொருள் பூட்டுகள் திருட்டைச் சில வாரங்களாவது தள்ளிப்போடுகின்றன. விற்பனை சூடாக இருப்பதும் அப்போதுதான். சரி, கிராக் வந்த பிறகும் பூட்டு எதற்கு? திருடியவனிடம் அது இல்லை. வாங்கியவன் மட்டும் சுமக்கிறான். 2008இல் ஸ்போர் விளையாட்டை மூன்று கணினிகளில்தான் பதியலாம் என்று கட்டினார்கள். கோபம் கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள். அந்த வருடம் திருட்டுத்தனமாக மிக அதிகம் இறக்கப்பட்ட விளையாட்டு என்று பெயரெடுத்ததும் அதுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற காரோட்ட விளையாட்டின் சர்வரை, அதாவது அதை இணையம்வழி இயக்கிய தன் கணினியை, 2024 மார்ச்சில் நிறுத்தியது. தனியாக ஓட்டி விளையாடக்கூடியதுதான், ஆனாலும் வாங்கியவர்களால் பிறகு அதைத் திறக்க முடியவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. விளையாட்டை அந்த இழப்போடு நான் சமப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடிப்போன ஒவ்வொரு முறையும், யாரோ ஒருவர் வீட்டு றங்குப்பெட்டியில் கிடந்த கொப்பிதான் எனக்குக் கைகொடுத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று இணையத்தில் தரும் நூல்களிலும் அப்படித் தப்பியவை பல. சர்வரோடு கட்டிய விளையாட்டுக்கு றங்குப்பெட்டியே கிடையாது.

பூட்டில்லாமலும் விற்கலாம். 'விட்சர் 3' 2015இல் வெளியான நாளிலிருந்தே ஜிஓஜி என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் பூட்டின்றிக் கிடைக்கிறது. அந்த விளையாட்டு மொத்தமாக 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

நண்பனின் கொப்பி வேண்டாம்; அதில் வைரஸ் வரலாம் என்பது ஒருபுறம், செய்தவர்களுக்கு ஒரு சதமும் போகாது. அடுத்தமுறை இணையமின்றித் திறக்குமா என்று பார்த்து வாங்கும். சர்வரை நிறுத்தினாலும் விற்ற விளையாட்டு இயங்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2025இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாங்களும் கேட்கலாம். எனக்கு எழுதிய கடிதத்தை அந்த நிறுவனத்துக்கும் அனுப்பும், லைன் இல்லாத அந்த இரண்டு நாள் கதையோடு.