போட்ட என்ட்ரி ஏன் திரும்பி வருகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். குன்னூரில் பச்சைத் தேயிலை வாங்கும் பேக்டரியில் கணக்கு பார்த்தவர், இப்போது மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். டெபிட், கிரெடிட் இரண்டும் சரியாக இருந்தும் உங்கள் ஜர்னல் என்ட்ரிகள் (கணக்குப் புத்தகத்தில் போடும் பதிவுகள்) ஒப்புதல் ஆகாமல் திரும்பி வருகின்றன, எனக்கு வேலை தெரியாது என்று நினைக்கிறார்களோ அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி யாரும் நினைக்கவில்லை. நானும் கோத்தகிரியிலிருந்து வந்து பல வருடமாக இதே வேலையில்தான் இருக்கிறேன். என்ட்ரியில் குறை இருக்காது. கூட என்ன எழுதினீர்கள், எதை இணைத்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

ஊரில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் எஃப்7 தட்டி, நரேஷன் என்ற விளக்க இடத்தில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஆடிட்டருக்குச் சந்தேகம் வந்தால் நம் மேஜைக்கே வந்து கேட்பார். நாமும் ஃபைலைப் பிரித்து எடைச்சீட்டைக் காட்டிவிடுவோம். இங்கே உங்கள் என்ட்ரியைத் தோண்டிப் பார்ப்பவர் உங்களை ஒரு தடவைகூடப் பார்த்திராதவராக இருக்கலாம். ஆராய்ச்சிக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் மானியம் (கிராண்ட்) என்றால், கடைசி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 வருடம் அந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சமயத்தில் நீங்கள் வேறு வேலைக்கே போயிருக்கலாம். அதனால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆய்வகத்துக்கு நைட்ரஜன் சிலிண்டர் வாங்கிய செலவு ஒரு மானியத்தில் ஏறிவிட்டது, அதை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். ‘பிழை திருத்தம்’ என்று எழுதி அனுப்பினால் கட்டாயம் திரும்பி வரும். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் என்.ஐ.எச்., அப்படி மட்டும் எழுதினால் போதாது என்று தன் விதியிலேயே சொல்லியிருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மார்ச் 14 தேதியிட்ட பில். ஆர்டர் போட்டபோது ஏற்கெனவே சேமித்திருந்த பழைய ப்ராஜெக்ட் எண் தானாக வந்துவிட்டது. சிலிண்டர் பயன்பட்டது புதிய ப்ராஜெக்டின் சோதனைக்கு. பேராசிரியர் அதை உறுதி செய்த மின்னஞ்சல் இணைப்பில். இனி ஆர்டர் போடும் முன் எண்ணைச் சரிபார்க்க ஆய்வக மேலாளரிடம் சொல்லியாயிற்று.’ என்ன நடந்தது, ஏன் நடந்தது, புதிய இடம் எப்படிப் பொருந்தும், மறுபடி வராமலிருக்க என்ன செய்தோம் என்ற நாலும் அதில் வந்துவிடுகிறது. பில், பழைய பதிவு தெரியும் லெட்ஜர் பக்கம், மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து இணையுங்கள். தவறு தெரிய வந்த 90 நாளுக்குள் மாற்றச் சொல்கிறது என்.ஐ.எச். தாமதமானால் தாமதத்துக்கும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு மானியத்தில் பணம் தீர்ந்துவிட்டது, மிச்சம் இருக்கிற மானியத்துக்குச் செலவை மாற்றிவிடுங்கள் என்று சில பேராசிரியர்கள் கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆய்வு நின்றுவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு. ஆனாலும் பற்றாக்குறையைச் சரிக்கட்ட இன்னொரு மானியத்தில் செலவை ஏற்றக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசின் விதி நேரடியாகவே சொல்கிறது. பெரியவர் சொல்லிவிட்டாரே என்று தலையாட்டிப் பழகிய நமக்கு மறுத்துப் பேசுவது கஷ்டம்தான். மரியாதையாக, எழுத்தில், விதியைக் குறிப்பிட்டு மறுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன எதையும் ஆதாரமாக வைத்து என்ட்ரி போடாதீர்கள்.

வருடக் கடைசிப் பதிவுகள் உங்களுக்குச் சுலபமாகவே வரும். மார்ச்சில் விவசாயிகள் போட்ட இலைக்கு விலை ஏப்ரலில்தான் முடிவாகும், ஆனால் செலவு மார்ச் கணக்கில்தானே நிற்கும்? இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஜூன் 30-தான் வருடக் கடைசி. ஜூனில் வேலை நடந்து, பில் ஜூலையில் வந்தாலும் செலவு ஜூனுக்குத்தான். பில் வரும் முன்பே தொகையை மதிப்பிட்டுப் போடுவதால், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற எக்செல் தாளை அவசியம் இணையுங்கள். புது வருடத்தில் ரிவர்சல் பதிவும், அதாவது ஜூனில் போட்டதைத் திருப்பிப் போடும் பதிவும், போக வேண்டும். அது விடுபட்டால் அதே செலவு இரண்டு தடவை ஏறும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். தேதியில் மாதம் முன்னால் வரும், அதனால் விளக்கத்தில் மாதத்தின் பெயரையே எழுதிவிடுவது நல்லது. பல சிஸ்டங்களில் கிரெடிட் மைனஸ் குறியோடு நிற்கும், வருமானம் மைனஸில் தெரிந்தால் பதற வேண்டாம். என்ட்ரி போட்டவரே அதற்கு ஒப்புதல் கொடுக்கவும் முடியாது. அது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

இந்த வாரமே உங்கள் என்ட்ரிகளுக்கு ஒப்புதல் தருபவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். போன வருடம் தடையில்லாமல் போன நாலைந்து என்ட்ரிகளை இணைப்புகளோடு காட்டச் சொல்லுங்கள். இங்கே கேட்டால் யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள், சந்தோஷமாகவே காட்டுவார்கள். வருடக் கடைசி அட்டவணையையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். குன்னூருக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டு எடுங்கள், ஜூன் பாதியிலிருந்து கணக்கு முடியும்வரை லீவு கிடைப்பது கஷ்டம்.